பாடம்: பழைய கணினியில் இருந்து வருமான வரி விபரத்திரட்டு அனுப்புதல்

இந்தப் பாடம் யாருக்கு?

தர்மபுரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் திரும்பி வந்து, வீடு, தொழில், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் மறுபடி தொடங்கும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். வவுனியா, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் வாடகைக்கு இருந்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு இப்போது ஒரு புதுச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது: ரின் இலக்கம். வங்கியில் கேட்கிறார்கள், அலுவலகத்தில் கேட்கிறார்கள், "இணையத்தில் பதிந்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். வீட்டில் இருப்பதோ உறவினர் தந்த பழைய கணினி. அதில் அந்தப் பக்கம் திறக்காது. கடைசியில் யாராவது ஒருவரிடம் அடையாள அட்டையையும் காசையும் கொடுத்து, "நீங்களே செய்து தாருங்கள்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடுவதில் இரண்டு நட்டங்கள் உண்டு. வரி கட்டத் தேவையில்லாத குடும்பத்தின் வட்டிப் பணத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் கழிக்கப்பட்டுக்கொண்டே போகலாம். உங்கள் பெயரில் திறக்கப்பட்ட வரிக் கணக்கின் திறப்பு வேறொருவர் கையில் இருந்துவிடலாம். இந்த இரண்டையும் தவிர்ப்பதற்குத் தேவையானவற்றை இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

1. ரின் இலக்கம் வேறு, வரி வேறு

ரின் இலக்கம் என்பது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். இதை வழங்குவது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். 18 வயது நிரம்பியவர்கள் இதைப் பெற வேண்டும் என்ற ஏற்பாடு 2024 ஜனவரி 1 முதல் அறிவிக்கப்பட்டது. வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறத்தல், வாகனப் பதிவு, காணிப் பதிவு, கட்டட வரைபட அனுமதி போன்ற கருமங்களுக்கும் இந்த இலக்கத்தைக் கேட்கும் ஏற்பாட்டை அரசாங்கம் அறிவித்தது. வீடு கட்டவும் காணிப் பத்திரத்தைச் சரிப்படுத்தவும் வந்திருக்கும் குடும்பங்களுக்கு இது தூரத்து விடயம் அல்ல.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். ரின் இலக்கம் எடுத்ததனால் மட்டும் ஒருவர் வரி கட்ட வேண்டியவர் ஆகிவிடமாட்டார். அது அடையாள அட்டை இலக்கம் போன்ற ஓர் இலக்கம் மாத்திரமே. வரி கட்ட வேண்டுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் ஆண்டு வருமானம்.

இலங்கையில் வருமான வரி 1932 இல் கொண்டுவரப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் ஆகும். வரிக் கணக்குக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடிகிறது. இதை வரிமதிப்பாண்டு என்பார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான காலம் 2025/2026 வரிமதிப்பாண்டு.

2. நீங்கள் வரி கட்ட வேண்டியவரா?

2025 ஏப்ரல் 1 முதல் ஒரு தனிநபருக்கு ஆண்டில் 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு உண்டு. அதாவது மாதக் கணக்கில் 1,50,000 ரூபா. அதற்கு மேற்பட்ட தொகைக்கே வரி. மேற்பட்ட தொகையின் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம். அதற்கும் மேல் 36 வீதம்.

மூன்று குடும்பங்களைக் கற்பனை செய்து கணக்குப் பார்ப்போம்.

முதலாவது குடும்பம்: பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் சிறு பலசரக்குக் கடை. செலவு எல்லாம் போக மாதம் 40,000 ரூபா மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 4,80,000. வங்கியில் 5 இலட்சம் நிலையான வைப்பு. வட்டி 8 வீதம் என்றால் ஆண்டுக்கு 40,000. மொத்தம் 5,20,000 ரூபா. 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பதால் வரி இல்லை.

இரண்டாவது குடும்பம்: கணவன் வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளம் 1,60,000 ரூபா. ஆண்டுக்கு 19,20,000. விலக்கைக் கழித்தால் மிஞ்சுவது 1,20,000. அதன் 6 வீதம் 7,200 ரூபா. இதை வேலை கொடுப்பவரே மாதம் 600 ரூபாவாகச் சம்பளத்தில் கழித்துத் திணைக்களத்துக்குச் செலுத்துவார். ஆண்டு முடிவில் அதற்கான சான்றிதழை அவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூன்றாவது குடும்பம்: கனடாவில் இருக்கும் மகன் வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். பிள்ளை பெற்றோருக்கு அனுப்பும் அந்தப் பணம் பெற்றோரின் தொழில் வருமானம் அல்ல. ஆனால் அதில் மிச்சம் பிடித்து வைப்பில் போட்டால், அந்த வைப்பு தரும் வட்டி வருமானமே.

கடை, தையல், கோழி வளர்ப்பு, வயல் எதுவானாலும் கையில் வந்த முழுத் தொகையை வருமானமாக எழுதிவிடாதீர்கள். பொருள் வாங்கிய காசு, கூலி, வாடகை, மின்கட்டணம் போன்ற தொழிற் செலவுகள் போக மிஞ்சுவதே இலாபம். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு என்று நாளாந்தம் எழுதி, பற்றுச்சீட்டுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆண்டு முடிவில் ஞாபகத்தில் இருந்து கணக்குச் சொல்வது யாருக்கும் கடினம்.

3. வங்கி கழிக்கும் 10 வீதம்

வரி கட்டத் தேவையில்லாத குடும்பங்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். ஆகவே மெதுவாக வாசியுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் வங்கி உங்களுக்கு வட்டி கொடுக்கும்போது அதில் 10 வீதத்தைக் கழித்துத் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. இதற்கு நிறுத்திவைத்தல் வரி என்று பெயர். முன்னர் இது 5 வீதமாக இருந்தது. மேலே சொன்ன முதலாவது குடும்பத்தின் 40,000 ரூபா வட்டியில் 4,000 ரூபா இப்படிப் போகும். அந்தக் குடும்பம் வரி கட்ட வேண்டிய குடும்பமே அல்ல. ஆனாலும் வங்கிக்கு அது தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு ஒரு படிவம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாது என்று நீங்களே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் சுய பிரகடனம் அது. படிவத்தில் உங்கள் ரின் இலக்கமும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்படும். ரின் இலக்கத்தால் சாதாரண குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரடிப் பயன் இதுவே.

இதில் கவனிக்க வேண்டியவை:

• ஒவ்வொரு வரிமதிப்பாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு கொடுத்தது இந்த ஆண்டுக்குச் செல்லாது.
• இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டு வங்கிகளுக்கும் கொடுக்க வேண்டும்.
• ஏப்ரல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிந்திக் கொடுத்தால் அதுவரை கழித்தது கழித்ததுதான்.
• வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் இருந்தால் இந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். பொய்ப் பிரகடனம் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே கழிக்கப்பட்ட பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு. வங்கியிடம் இருந்து அந்த ஆண்டுக்கான கழிவுச் சான்றிதழைப் பெற்று, திணைக்களத்துக்கு வருமான வரி விபரத்திரட்டு அனுப்பி, அதில் மீளளிப்புக் கோர வேண்டும். கணினி தேவைப்படுவது இந்த இடத்தில்.

4. கணினி முன் உட்கார முதல் எடுத்து வைக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை. இரண்டு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் கைபேசியால் படம் எடுங்கள். இலக்கமும் பெயரும் மங்கலாக இருந்தால் மறுபடி எடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்பட்ட இலக்கங்கள் பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டவை. உங்கள் அட்டையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். பழைய இலக்கத்தைப் புது முறைக்கு நீங்களாக மாற்றி எழுத வேண்டாம்.

முகவரிக்கான ஆதாரம். திரும்பி வந்த குடும்பங்கள் சிக்குப்படுவது பெரும்பாலும் இதில்தான். அட்டையில் இடம்பெயர்ந்திருந்த இடத்து முகவரி இருக்கும். இப்போது நீங்கள் இருப்பது தர்மபுரத்தில். இரண்டும் வேறுபட்டால் தற்போதைய முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். உங்கள் கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்று, அதையும் படம் எடுத்து வையுங்கள். சொந்தப் பெயரில் மின்சாரப் பட்டியல் இருந்தால் அதுவும் உதவும். வேறு அத்தாட்சி தேவைப்பட்டால் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பெயர். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இராது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் பெற்ற பத்திரத்தில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். முதலெழுத்து முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம். வரிக் கணக்கில் போடும் பெயர் வங்கிக் கணக்கின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் மீளளிப்புப் பணம் வந்து சேருவதில் சிக்கல் வரும். எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துவது என்று முதலில் தீர்மானித்து, பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள்.

சொந்தக் கைபேசி இலக்கமும் சொந்த மின்னஞ்சலும். திணைக்களம் அனுப்பும் இரகசிய இலக்கங்கள் இவற்றுக்குத்தான் வரும். கொமினிகேசன் கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டால் இன்றைக்கு வேலை முடிந்துவிடும். நாளைக்குக் கடை பூட்டப்பட்டால், அல்லது அவர் ஊரைவிட்டுப் போனால், உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. மின்னஞ்சல் இல்லாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு முதலில் ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லை வீட்டுக் கோவையில் எழுதி வையுங்கள்.

5. கணினியைப் பரிசோதித்தல்

பக்கம் திறக்கவில்லை என்றவுடன் கணினி பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள். முதலாவது சோதனையிலேயே பல கணினிகள் சரிவந்துவிடும்.

சோதனை 1: திகதி. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். இன்றைய ஆண்டு, மாதம், நாள், நேரம் சரியா? பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அது இன்ன நாள் தொடங்கி இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் கணினி இது 2010 ஆம் ஆண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி "இது பாதுகாப்பற்றது" என எச்சரிக்கும். திகதியைத் திருத்தினால் எச்சரிக்கை போய்விடும். ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் திகதி பின்னோக்கிப் போனால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறிய பற்றரி இறந்துவிட்டது. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற வகை. மணிக்கூட்டுக் கடைகளில் கிடைக்கும், விலையும் குறைவு.

சோதனை 2: உலாவி. இணையப் பக்கம் பார்க்கும் மென்பொருளை உலாவி என்கிறோம். நீல நிற ஆங்கில எழுத்து அடையாளமுள்ள இன்ரர்நெற் எக்ஸ்புளோரரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் 11 ஆம் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15 இல் நிறுத்திவிட்டது. குரோம் அல்லது பயர்பொக்ஸ் வேண்டும்.

சோதனை 3: விண்டோஸ் பதிப்பு. விண்டோஸ் 7 உள்ள கணினியில் குரோம் 109 வரைதான் வேலை செய்யும். 2023 பெப்ரவரியில் வந்த குரோம் 110 முதல் விண்டோஸ் 7 ஐயும் 8.1 ஐயும் ஏற்பதில்லை. அவற்றுக்கான கடைசி பயர்பொக்ஸ் 115 ஆம் பதிப்பு. ஆகவே விண்டோஸ் 7 இல் பயர்பொக்ஸ் 115 ஐப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கணினியை இந்த வேலைக்கு முயற்சிக்கவே வேண்டாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 இலும் விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்ரோபர் 14 இலும் வழமையான ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்த கணினி உடனே நின்றுவிடாது. ஆனால் புதிதாக வரும் வைரசுகளுக்கு எதிராக அதற்குத் திருத்தம் வராது. அப்படிப்பட்ட கணினியில் வேலையை முடித்துவிட்டு வெளியேறுங்கள். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்காதீர்கள்.

சோதனை 4: பென்டிரைவ். கடைக்குக் கடை மாறிவந்த பென்டிரைவில் உங்கள் கோவைகள் குறுக்குவழி அடையாளங்களாக மாறியிருந்தால் அது வைரஸ். அதைத் திறக்காதீர்கள். படங்களைக் கைபேசியில் இருந்து கம்பி மூலம் நேரே கணினிக்கு மாற்றுங்கள்.

சோதனை 5: கைபேசியே போதுமா? உங்கள் கணினி 15 வருடம் பழையதாகவும் பிள்ளையின் கைபேசி மூன்று வருடம் பழையதாகவும் இருக்கலாம். அப்படியானால் கைபேசிதான் பாதுகாப்பானது. அதில் குரோமைப் புதுப்பித்து, திரையைக் குறுக்காகத் திருப்பி வைத்துச் செய்யுங்கள். நீண்ட படிவத்துக்குப் பெரிய திரை வசதி என்பது உண்மை. ஆனால் பதிவுக்குக் கைபேசி போதும்.

தமிழ் எழுத்துப் பற்றி ஒரு குறிப்பு. பழைய கணினிகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் உண்டு. பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே கணினிக்குள் சேமிக்கப்படுகிறது. அதை இணையப் படிவத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழில் எழுத வேண்டிய இடம் வந்தால் யுனிகோட் முறையில் எழுதுங்கள். தமிழ்ப் பக்கம் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் யுனிகோட் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பக்கத்தின் பிழை அல்ல.

6. பதிவும் விபரத்திரட்டும்: படிமுறை

படி 1. உலாவியின் மேலே முகவரியை நீங்களே தட்டுங்கள். வட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்த வேண்டாம். இலங்கை அரச இணையத்தளங்களின் முகவரி "டொட் கவ் டொட் எல்.கே." என்று முடியும். திணைக்களத்தின் முகவரி "ஐ.ஆர்.டி. டொட் கவ் டொட் எல்.கே.". முதற்பக்கத்தில் தமிழைத் தெரிவு செய்யலாம்.

படி 2. இலத்திரனியல் சேவைப் பகுதிக்குச் செல்லுங்கள். ரின் இலக்கம் இல்லாதவர்கள் பதிவைத் தெரிவு செய்து, அடையாள அட்டை இலக்கம், பெயர், முகவரி, கைபேசி, மின்னஞ்சல் விபரங்களை எழுதி, எடுத்து வைத்த படங்களை இணையுங்கள். படம் மிகப் பெரியது என்று ஏற்க மறுத்தால், அந்தப் படத்தை உங்கள் கைபேசியில் திறந்து திரைப்பிடிப்பு எடுத்து அதை இணையுங்கள், அளவு குறையும். எழுத்துகள் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3. ரின் இலக்கம் கிடைத்தவுடன் அந்தச் சான்றிதழை அச்செடுங்கள். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோவையில் வையுங்கள்.

படி 4. விபரத்திரட்டு அனுப்ப வேண்டியவர்கள் ரின் இலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்து உள்ளே செல்லுங்கள். எந்த வரிமதிப்பாண்டு என்பதைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். மீளளிப்புக் கேட்பவர்கள் வங்கிச் சான்றிதழில் உள்ள ஆண்டையே தெரிவு செய்ய வேண்டும்.

படி 5. சம்பளம், தொழில், வட்டி, வாடகை ஒவ்வொன்றையும் அதற்குரிய பகுதியில் எழுதுங்கள். ஏற்கெனவே கழிக்கப்பட்ட வரியை எழுத மறக்காதீர்கள். அதை எழுதாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு தரம் வரி கேட்கப்படலாம்.

படி 6. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சேமியுங்கள். மின்சாரம் நின்றாலும் இணையம் அறுந்தாலும் சேமித்தது போகாது. நீண்ட நேரம் தொடாமல் விட்டால் பக்கம் தானாகவே உங்களை வெளியே விடும்.

படி 7. அனுப்ப முன் ஒரு தடவை எல்லா இலக்கங்களையும் வாய்விட்டு வாசியுங்கள். ஒரு பூச்சியம் கூடினால் 40,000 ரூபா 4 இலட்சம் ஆகிவிடும். பின்னர் அனுப்புங்கள். வரும் ஏற்புச் சீட்டைப் படம் எடுத்தும் அச்செடுத்தும் வையுங்கள். அந்தச் சீட்டு வரும்வரை நீங்கள் அனுப்பியதாகக் கணக்கில்லை.

7. வேறொருவரின் கணினியில் செய்யும்போது

• இரகசிய இலக்கத்தை நீங்களே தட்டுங்கள். கைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். "திணைக்களத்தில் இருந்து பேசுகிறோம், இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டியுங்கள்.
• "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.
• முடிந்ததும் கணக்கில் இருந்து வெளியேறுங்கள். பக்கத்தை மூடுவது மட்டும் வெளியேறுவது ஆகாது.
• அடையாள அட்டைப் படங்களைக் கணினியில் இருந்து அழித்து, குப்பைத் தொட்டி அடையாளத்தில் இருந்தும் அழியுங்கள். ஒருவருடைய அட்டைப் படத்தை வைத்து அவர் பெயரில் சிம் எடுக்கவும் கடன் கேட்கவும் முயல்பவர்கள் இருக்கிறார்கள்.
• கடைக்காரருக்கு அச்சுக் கூலியும் நேரக் கூலியும் கொடுப்பது நியாயம். ரின் பதிவுக்குத் திணைக்களம் கட்டணம் அறவிடுவதில்லை. "திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

8. நினைவில் வைக்க வேண்டிய திகதிகள்

ஏப்ரல்: வங்கிகளுக்குப் புதிய ஆண்டின் சுய பிரகடனம் கொடுத்தல்.

ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15: தொழில் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியவர்களின் காலாண்டுத் தவணைகள்.

செப்டெம்பர் 30: முடிந்த ஆண்டுக்கான மீதி வரியைக் கட்டி முடிக்கும் நாள்.

நவம்பர் 30: முடிந்த ஆண்டுக்கான விபரத்திரட்டை அனுப்பும் கடைசி நாள்.

கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாடு முழுவதும் இருந்து எல்லோரும் அந்த வாரத்தில்தான் நுழைவார்கள், பக்கம் மெதுவாகிவிடும். பழைய கணினியும் வன்னி மாரிகாலத்து மின்தடையும் சேர்ந்தால் நாள் தவறிவிடும். அனுப்ப வேண்டியவர் பிந்தினால் தண்டப்பணம் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் காலை வேளையில் செய்வது நல்லது.

வரி கட்டத் தேவையில்லாத குடும்பமாக இருந்தாலும், திணைக்களத்தில் இருந்து உங்கள் பெயருக்குக் கடிதமோ குறுந்தகவலோ வந்தால் ஒதுக்கி வைக்க வேண்டாம். 1944 என்ற திணைக்கள அழைப்பு நிலைய இலக்கத்துக்கு எடுத்து, அது உண்மையில் அவர்கள் அனுப்பியதா, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பொதுவான அரச சேவைத் தகவலுக்கு 1919. இரண்டிலும் தமிழில் கேட்கலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கருமமொழி. தமிழில் பதில் கேட்பது சலுகை அல்ல, உங்கள் உரிமை. வரி வீதங்களும் விலக்கும் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை. ஆகவே ஏப்ரல் பிறந்ததும் ஒரு தடவை இந்த இலக்கத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

9. திரையில் காணும் ஆங்கிலச் சொற்கள்

படிவத்தின் பல இடங்களில் ஆங்கிலச் சொற்களே வரும். ஒலியைக் கொண்டு அடையாளம் காண:

ரக்ஸ்பேயர்: வரி செலுத்துநர்
இயர் ஒவ் அசெஸ்மன்ற்: வரிமதிப்பாண்டு
றிற்றேர்ன்: விபரத்திரட்டு
இன்ரறெஸ்ற்: வட்டி
எம்புளோய்மன்ற்: சம்பள வேலை
பிஸ்னஸ்: தொழில், வியாபாரம்
றீபண்ட்: மீளளிப்பு
சேவ்: சேமித்தல்
சப்மிற்: அனுப்புதல் (இதை அழுத்த முன் மறுபடி வாசியுங்கள்)
லொக் அவுற்: வெளியேறுதல்

10. வீட்டில் செய்து பார்க்க

குடும்பத்தார் எல்லோரும் இருந்து இந்தக் கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

அ) எங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு? 18 இலட்சத்துக்கு மேலா, கீழா? (விலக்கு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி. கணவன் மனைவி வருமானத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.)

ஆ) 3 இலட்சம் ரூபா வைப்புக்கு 8 வீத வட்டி. சுய பிரகடனம் கொடுக்காவிட்டால் ஆண்டில் எவ்வளவு கழிபடும்? (விடை: வட்டி 24,000; கழிவு 2,400 ரூபா.)

இ) எங்கள் அடையாள அட்டை முகவரியும் இப்போதைய முகவரியும் ஒன்றா? இல்லாவிட்டால் கிராம அலுவலரிடம் யார், எப்போது போவது?

ஈ) வங்கிப் புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் எழுத்துக்கு எழுத்து என்ன?

உ) கணினியின் திகதி சரியா? எந்த விண்டோஸ், எந்த உலாவி?

ஊ) ரின் இலக்கமும் கடவுச்சொல்லும் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளன? வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அது தெரியுமா?

இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, "நான் இன்னார்" என்று நிரூபிக்கவே ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மில் பலர். ரின் சான்றிதழ், ஏற்புச் சீட்டு, வங்கிப் பிரகடனத்தின் பிரதி ஆகிய மூன்றையும் ஈரம் புகாத உறையில் போட்டு, படங்களைப் பிள்ளைகளில் ஒருவரின் கைபேசியிலும் ஒரு பிரதி வையுங்கள். அயல் வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் இந்தப் பாடத்தின் 3 ஆம் பகுதியை வாசித்துச் சொல்லுங்கள். வைப்பு வட்டியை நம்பி வாழ்பவர்களில் அவர்களே அதிகம். இந்தப் படிவம் பற்றிக் கேள்விப்படாதவர்களும் அவர்களே.